வலென்சியாவுக்கு நாலு நாள் தேவையா?

ஜூலை கடைசி வாரம் அப்பா அம்மாவோடு பார்சிலோனா வருகிறீர்கள். வலென்சியா வெறும் கடற்கரை ஊர்தானா, காலையில் ரயிலேறி இரவே திரும்பிவிடலாமா, இல்லை நாலு நாள் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா சுத்த சைவம், அப்பாவுக்கு மூட்டுவலி என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி ஊரைப் பற்றியதுபோல இருந்தாலும், வயதான இரண்டு பேரை வெயிலில் அலைக்கழிக்காமல், பசியோடு விடாமல், பார்த்தோம் என்ற திருப்தியோடு எப்படிக் கூட்டிவருவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே நாள் யோசனையை விட்டுவிடுங்கள். பார்சிலோனாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். போக வர ஆறு மணி நேரம் போனால், மிச்சம் கையில் இருப்பது நண்பகல் வெயில் மட்டும். மூன்று இரவு தங்குவது அளவாக இருக்கும், நாலு என்றால் இன்னும் நிம்மதி. இங்கிருந்தே மாட்ரிட் வழியாக ஊர் திரும்புவதாக இருந்தால் அதுவும் சுலபம், அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நான் பாசனப் பொறியியல் படிக்க வலென்சியா போனவன். ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன், இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். வந்த சொந்தக்காரர்களையெல்லாம் சுற்றிக்காட்டிய அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். அதனால் நான் சொல்வதில் தண்ணீர் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு விடுதிகள், ஷாப்பிங் பற்றியெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். கட்டணங்களையும் சொல்லப்போவதில்லை. எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

முதலில் வெயில். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு 31, 32 டிகிரி எல்லாம் ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் அங்கே கடிகாரம் நம்மை ஏமாற்றும். கிரீன்விச் தீர்க்கரேகை இந்த ஊருக்குப் பக்கத்திலேயே போகிறது, ஸ்பெயின் நாடோ மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் அதோடு இன்னொரு மணி கூட்டிவிடுவார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும், மறைய ஒன்பதே கால் ஆகிவிடும். 'மூணு மணி ஆச்சே, இனி வெயில் தாழும்' என்று நம் ஊர்க் கணக்கில் கிளம்பினால் சரியாக உச்சிவெயிலில் மாட்டிக்கொள்வோம். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு மணிக்குச் சாப்பிட்டு, ஐந்து வரை கடையை மூடி, இரவு ஒன்பதுக்கு மேல் மறுபடி சாப்பிட உட்காருவதைச் சோம்பல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சூரியனை வைத்துப் பார்த்தால் அது சரியான கணக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: காலை எட்டரைக்கு வெளியே, ஒன்றரைக்கு உள்ளே, சாப்பாடு, தூக்கம், மறுபடி ஆறரைக்கு வெளியே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மூட்டுவலிக்காரரும் பத்து மணி இரவில் உற்சாகமாக இருப்பார்.

இப்போது ஊர். வரைபடத்தைப் பார்த்தால் பழைய நகரம் கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே இருப்பது தெரியும். கடலைவிட ஆற்றையும் வாய்க்காலையும் நம்பி வளர்ந்த ஊர் இது. கி.மு. 138இல் ரோமானியர் குடியேற்றமாகத் தொடங்கியது. தூரியா ஆறு பழைய நகரத்தை வடக்கே வளைத்துக்கொண்டு ஓடியது. 1957 அக்டோபர் 14 அன்று அந்த ஆறு ஊருக்குள் புகுந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசு ஆற்றையே ஊரை விட்டு வெளியேற்றியது, நகரத்துக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டருக்குப் புதிய கால்வாய் வெட்டி அதில் திருப்பிவிட்டார்கள். ஊர் நடுவே வறண்டு கிடந்த பழைய படுகையில் நெடுஞ்சாலை போடுவதுதான் அன்றைய திட்டம். 'ஆற்றுப்படுகை எங்களுடையது, அது பச்சையாக வேண்டும்' என்று மக்கள் மல்லுக்கு நின்றார்கள். 1976இல் படுகை நகராட்சி கைக்கு வந்தது, 1986இல் பூங்கா திறந்தது. இன்றைக்கு ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலங்களுக்கு அடியில் மரமும் புல்லும் சைக்கிள் பாதையுமாகக் கிடக்கிறது. ஊரை நடுவில் பிளந்து ஓடிய ஆறு போய், அதே இடத்தில் நிழல் வந்திருக்கிறது.

முதல் நாள் மாலை அப்பாவை அங்கேதான் கூட்டிப்போங்கள். படுகை சமதளம், உட்கார இடம் தாராளம். செர்ரானோஸ் கோபுரவாசல் பக்கமாக இறங்கினால் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய நகரக் கோட்டைவாசலை வெளியே இருந்து நிதானமாகப் பார்க்கலாம். மேலே ஏறுவது படிக்கட்டு வேலை, அவருக்கு வேண்டாம். சின்னப் பிள்ளைகள் யாராவது கூட வந்தால் கீழ்ப்பக்கம் கலிவர் பொம்மை படுத்திருக்கும் விளையாட்டுத் திடல் உண்டு, அவன் தலைமுடி சறுக்குமரம், கட்டணம் கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் வந்த வெள்ளத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் புதிய கால்வாய் நகரத்தைக் காப்பாற்றியது. ஆனால் பைப்போர்த்தா, கத்தரோஹா போன்ற தெற்குப் பக்க ஊர்களுக்குத் தண்ணீர் வந்தது வேறொரு காட்டாற்று ஓடையிலிருந்து. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் உலர்ந்து கிடக்கும் ஓடை அது. அதை வைத்து 'கால்வாய் வெட்டியது சரியா தவறா' என்று சுற்றுலாப் பயணியாக நின்று தீர்ப்புச் சொல்வது சுலபம், என் துறைக்காரர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கும் இடங்களுக்கு இப்போது தடை ஒன்றும் இல்லை. அங்கே யாரிடமாவது பேச்சு வந்தால் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள், அவ்வளவுதான். பலர் வீட்டில் ஆள் போயிருக்கிறது.

உங்கள் பயணத்தில் வியாழக்கிழமை ஒன்று கட்டாயம் வரும்படி பாருங்கள். வியாழன் பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். கறுப்பு அங்கி போட்ட எட்டு விவசாயிகள் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் வந்து உட்காருவார்கள். எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பேர். சேவகன் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூப்பிட்டு, புகார் உண்டா என்று கேட்பான். வக்கீல் இல்லை, எழுத்து இல்லை, எல்லாம் வாய்வார்த்தை, அதுவும் வலென்சிய மொழியில். பேச வேண்டியவர் யார் என்பதைத் தலைவர் காலால் சுட்டிக்காட்டுவார். அன்றே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. பெரும்பாலான வாரங்களில் வழக்கு எதுவும் இருக்காது, ஐந்து நிமிஷத்தில் எழுந்துபோய்விடுவார்கள். 'இதற்கா வெயிலில் நின்றோம்' என்று என் மாமனார் கேட்டார். வழக்கு இல்லாததுதான் அந்த மன்றத்தின் வெற்றி என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த மன்றம் கி.பி. 960இல் தொடங்கியது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அந்த வருஷத்துக்கு ஆவணச் சான்று இல்லை, அது மரபாகச் சொல்வது. அரபியர் ஆட்சிக் காலத்திலேயே பாசன முறை வேரூன்றியிருந்தது என்பதும், 1238இல் ஊரைப் பிடித்த முதலாம் ஹைமே மன்னர் பழைய வழக்கப்படியே தண்ணீரைப் பயன்படுத்த உரிமை கொடுத்தார் என்பதும் உறுதியானவை. வாய்க்காலுக்கு அவர்கள் சொல்லும் அசேக்கியா என்ற சொல்லே அரபு. 2009இல் யுனெஸ்கோ இந்த மன்றத்தை வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பார்த்து முடித்ததும் அப்படியே திரும்பினால் கன்னிமரி சதுக்கத்தில் ஒரு நீரூற்று. படுத்திருக்கும் ஆண் சிலை தூரியா ஆறு, சுற்றிக் குடத்தோடு நிற்கும் எட்டுப் பெண்கள் அந்த எட்டு வாய்க்கால்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவர்களும் தெரியாமல் செல்ஃபி எடுக்கிறவர்களும் அங்கே சரிபாதி இருப்பார்கள்.

பேராலயத்துக்குள் ஏசுநாதர் கடைசி இராவுணவில் பயன்படுத்திய கிண்ணம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். மேல்பகுதியான கல் கிண்ணம் மிகப் பழமையானது என்பதை அறிஞர்கள் ஏற்கிறார்கள். அதுதான் அந்தக் கிண்ணமா என்பது நம்பிக்கை சார்ந்தது. பக்கத்து மணிக்கோபுரமான மிகெலேத்தேயில் 207 படி, குறுகலான சுழல்படி. நீங்கள் ஏறுங்கள், அப்பாவும் அம்மாவும் கீழே ஏதாவது குடித்துக்கொண்டிருக்கட்டும். அதைவிட அவர்களுக்குப் பிடிக்கப்போவது சான் நிக்கோலாஸ் தேவாலயம். வெளியே தேடிப்பிடிக்க வேண்டிய சந்துக் கோயில், உள்ளே போனால் கூரை முழுக்க ஓவியம். உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கலாம், படி ஏற வேண்டாம்.

பட்டு வணிகர் மண்டபமான லோன்ஹாவும் அதற்கு எதிரே இருக்கும் மத்தியச் சந்தையும் ஒரே காலையில் முடியும். லோன்ஹா 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது, 1996இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். முறுக்கிய கயிறுபோல மேலே போகும் தூண்கள், சுவரைச் சுற்றிப் பொன்னெழுத்தில் லத்தீன் வாசகம்: பேச்சில் பொய்யில்லாமல், வட்டிக்கு விடாமல் வியாபாரம் செய்கிறவன் செல்வத்தோடு வாழ்ந்து கடைசியில் நித்திய வாழ்வையும் அடைவான் என்கிறது. ஞாயிறன்று இங்கே நுழைவு இலவசம். ஆனால் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் மூன்று மணியோடு மூடிவிடுவார்கள். ஆகவே சனிக்கிழமை காலை போய்விடுங்கள். 1928இல் திறந்த இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுமான கட்டடம், அம்மா மீன் பக்கம் போகாமல் பழம், பாதாம், குங்குமப்பூ, அரிசி என்று ஒரு மணி நேரம் சுற்றலாம். கைப்பை முன்பக்கம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

அரிசி என்றதும் அல்புஃபெராவுக்கு வந்துவிடுகிறேன், என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் விடக்கூடாத இடம் இதுதான். நகரத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டரில் ஒரு நன்னீர் ஏரி, பெயர் அரபியில் ஏரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு, அதில் பைன் காடு. ஏரியைச் சுற்றி நெல்வயல். மதகுகளைத் திறந்து மூடி வயலுக்குத் தகுந்தபடி ஏரி மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். மே மாதம் விதைத்து செப்டம்பரில் அறுப்பார்கள், நீங்கள் போகும் ஜூலை கடைசியில் வயல் கண்ணுக்கெட்டும் வரை பச்சையாக நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்தால் பேச்சு நின்றுவிடும், நானே பார்த்திருக்கிறேன். 24ஆம் எண் நகரப் பேருந்து எல் பால்மார் கிராமம் வரை போகிறது. அங்கே தட்டையான படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக்காட்டுவார்கள். எட்டு மணி வாக்கில் ஏறுங்கள், சூரியன் இறங்கும் நேரம். படகில் ஏறும்போது அப்பாவுக்கு ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கும். ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். தண்ணீர் பச்சையாக இருக்கும், அது பாசி, பல பத்தாண்டு மாசின் விளைவு. கையை விட்டு அளைய வேண்டாம். கடைசிப் பேருந்து எப்போது என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயேயா என்ற சோறு பிறந்த மண் இதுதான். பயேயா என்பது உண்மையில் அந்த அகன்ற இரும்புச் சட்டியின் பெயர். உள்ளூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளும் பயேயாவில் கோழி, முயல், தட்டை பீன்ஸ், கராஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ இருக்கும். சில வீட்டில் நத்தை சேரும். இறாலும் கோழியும் கலந்து வைத்தால் முகம் சுளிப்பார்கள். சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தல்தான் அவர்களுக்கு உயிர், அதற்கு சொக்கராத் என்று தனிப் பெயரே உண்டு. நம் வீட்டில் அடிக்காந்தலுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவதுபோலவே அங்கும் நடக்கிறது. இது மதியச் சாப்பாடு, இரவில் அவர்கள் தொடமாட்டார்கள். என் முதல் வருஷத்தில் நண்பர்களை இரவு பத்து மணிக்குச் சுற்றுலாத் தெருவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். மஞ்சள் சாயம் ஏற்றிய ஆறிய சோறு வந்தது, வாசலில் படம் போட்ட பலகை இருந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நல்ல கடையில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும், முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஸ்பானியர் அரிசிக்குச் சொல்லும் 'அர்ரோஸ்' அரபியிலிருந்து வந்தது என்பது உறுதி. ஆனால் அதன் வேர் நம் 'அரிசி'தான் என்று அங்கே யாரிடமும் மார்தட்டிவிடாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, மொழியியலில் அது முடிந்த விவகாரம் இல்லை.

அம்மாவின் சாப்பாடு. காய்கறி பயேயா என்று தனியாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு ஊற்றும் சாறு கோழியிலோ மீனிலோ எடுத்ததாக இருக்கலாம். வெறுமனே 'கறி இல்லாமல்' என்று சொன்னால் போதாது, பன்றித் தொடை இறைச்சித் துண்டுகளைச் சிலர் கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' (கறி, மீன், பன்றித் தொடை இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள், சாறுக்கு 'கால்தோ' என்ற சொல்லையும் சேர்த்துக் கேளுங்கள். சாலட் கேட்டால் மேலே சூரைமீன் தூவி வருவது சர்வசாதாரணம், அதற்கு 'சின் அத்தூன்'. முட்டையும் ஆகாது என்றால் உருளைக்கிழங்கு தோர்த்தியாவும் கிடையாது. என் யோசனை, சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்துவிடுங்கள். எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் தயிரும் அரிசியும் கிடைக்கும். ஒரு வேளை தயிர்சாதம் உள்ளே போய்விட்டால் மீதி நாள் அம்மா கோயிலும் மண்டபமும் பார்க்கத் தயாராகிவிடுவார்கள்.

அவர்களுக்குக் கவலையில்லாத ஒன்று ஓர்ச்சாத்தா. சூஃபா என்ற சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்த்த பால், குளிரக் குளிரத் தருவார்கள். அந்தச் செடி நம் கோரைக்கிழங்கின் நெருங்கிய உறவு. கசப்பில்லாமல் பாதாம்பால் சாயலில் இருக்கும். நகரத்தை ஒட்டிய அல்போராயாதான் அதற்குப் பேர்போன ஊர், மெட்ரோ மூன்றாம் வழியில் போகலாம். விமான நிலையத்துக்கும் அதே வழிதான். தொட்டுக்கொள்ள ஃபார்தோன் என்ற நீள ரொட்டி கொடுப்பார்கள், அதில் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹைமே மன்னர் ஒரு பெண் கொடுத்ததைக் குடித்துவிட்டு 'இது பால் இல்லை பெண்ணே, பொன்' என்று சொன்னதால் அந்தப் பெயர் வந்தது என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை. பெயர் வந்தது பார்லியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து.

கடலைப் பற்றிக் கேட்டீர்கள். மால்வாரோசா கடற்கரை அகலமாக, மணலாக, தட்டையாக இருக்கும், டிராமிலேயே போகலாம். 1863இல் இந்த ஊரில் பிறந்த ஓவியர் சொரோயா வரைந்த வெளிச்சமெல்லாம் இந்தக் கரையுடையது. மாலை ஏழுக்கு மேல் போய்க் கால் நனைத்துவிட்டு, பின்னால் இருக்கும் கபன்யால் மீனவர் தெருக்களில் நடந்து பாருங்கள், முகப்பெல்லாம் வண்ண ஓடு பதித்த சின்ன வீடுகள். ஒரு பெரிய சாலையைக் கடல்வரை நீட்ட இந்த வீடுகளை இடிப்பதாக இருந்தது, குடியிருந்தவர்கள் வருஷக்கணக்கில் போராடி நிறுத்தினார்கள். கூட்டம் பிடிக்காதென்றால் அல்புஃபெரா போகும் வழியில் எல் சாலேர், அங்கே மணல்மேடும் பைன் மரமும்தான்.

கலை அறிவியல் நகரம் என்று இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கும் வெள்ளை எலும்புக்கூடுபோன்ற கட்டடங்கள் பழைய ஆற்றுப்படுகையின் கீழ்க்கோடியில் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்தது, மீன்காட்சியகம் மட்டும் ஃபெலிக்ஸ் காந்தேலாவின் வடிவம். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்: மூன்று மணிக்கு மாமனாரைக் கூட்டிப்போனேன். சுற்றிலும் வெள்ளை ஓட்டுச் சில்லு, நடுவே தண்ணீர், நிழல் தேடினால் கிடைக்கவில்லை, அவருக்குக் கண் கூசித் தலை சுற்றிவிட்டது. இரவு ஒன்பதுக்கு மேல் விளக்கு போட்டபின் வெளியே இருந்து பார்க்க ஒரு பைசா வேண்டாம், அழகும் அப்போதுதான். மீன்காட்சியகத்துக்கு மட்டும் காலையில் சீட்டு வாங்கலாம், அதற்கே அரை நாள் ஆகும்.

நாலாவது நாள் இருந்தால் ஷாத்திவா போங்கள், உள்ளூர் ரயில் போகிறது. 1707இல் ஐந்தாம் ஃபெலிப்பே மன்னரின் படை அந்த ஊரைக் கொளுத்தியது. அந்தக் கோபத்தில் அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியத்தை இன்றைக்கும் தலைகீழாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். மலைமேல் கோட்டைக்கு அப்பாவை நடக்க விடாதீர்கள், டாக்சி பிடியுங்கள்.

கடைசியாக, நீங்கள் வரும் வாரம் உங்களுக்கே தெரியாமல் நல்ல வாரம். ஜூலை கடைசி ஞாயிறு மாலை அலமேதா சாலையில் பூச்சண்டை நடக்கும், 1891இல் தொடங்கிய வழக்கம். அலங்கார ரதங்கள் ஊர்வலமாக வரும், பார்வையாளர்கள் பூவை வாரி அவற்றின்மேல் எறிவார்கள், ரதத்தில் இருக்கும் பெண்கள் டென்னிஸ் மட்டையால் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். எறியும் பூ நம் செண்டுமல்லி. ஓரத்தில் இருக்கைக்கு முன்பே சீட்டு வாங்கிவிடுங்கள். அம்மாவை மூன்றாவது நாலாவது வரிசையில் உட்கார வையுங்கள். முன்வரிசையில் கண்ணாடி போட்டவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை.